திருகோணமலையிலிருந்து அதிகாலை விமானத்துக்குப் போகிறவர்கள் விடும் தவறுகள்

சனிக்கிழமை அதிகாலை 2.15 மணி என்று ரிக்கெட்டில் இருந்தால், திருகோணமலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டியது வெள்ளிக்கிழமை பகலில். இந்தக் கணக்கில் தவறு விட்டு, ஒரு நாள் பிந்திச் சனி இரவு பெட்டிகளோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் நின்ற குடும்பங்கள் உண்டு. நம் புழக்கத்தில் நாள் விடியலில் தொடங்குகிறது; வெள்ளி இரவு படுத்து எழும்பும்வரை நமக்கு வெள்ளிதான். விமான நிறுவனத்துக்கு இரவு 12 மணி தாண்டினால் அடுத்த நாள். ஆகவே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படும் விமானம் என்றால், ரிக்கெட் கைக்கு வந்த அன்றே கலண்டரில் முதல்நாள் தேதியை வட்டமிட்டு "பயணம்" என்று எழுதுங்கள். வேலைக்கு லீவு எழுதிக் கொடுக்கும்போது அந்த முதல்நாளையும் சேர்த்தே எழுதுங்கள். வான் சாரதிக்குச் சொல்லும்போதும் "சனி விடியப்புறம்" என்று சொல்லாமல் "வெள்ளி பின்னேரம் 3 மணிக்கு வீட்டு வாசலில்" என்று சொல்லுங்கள்.

அடுத்தது, விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. அது விமானத்தின் நேரம். பயணிக்கு உரிய நேரம் கவுண்டர் மூடும் நேரம்தான். பெரும்பாலான நிறுவனங்கள் சர்வதேச விமானத்துக்குப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடும். போனில் செக்-இன் செய்தாயிற்று என்று ஆறுதலாகப் போகிறவர்களும் பெட்டி போடுவதற்கு அந்த நேரத்துக்குள் நின்றே ஆகவேண்டும். கட்டடத்துக்குள் நுழையும்போதே சாமான் எல்லாம் ஸ்கேனரில் போகும். அதன் பிறகு கவுண்டர், குடிவரவு, மறுபடி பாதுகாப்புச் சோதனை. பாடசாலை விடுமுறைக் காலத்தில் இந்த வரிசைகள் ஒவ்வொன்றும் நீளும். மூன்று மணி நேரம் முன்பு வரச்சொல்வது சும்மா இல்லை.

ஒரு விமானத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 7.30க்குப் புறப்பாடு என்றால் 4.30க்கு அங்கே நிற்கவேண்டும். இங்கிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீற்றர். போனில் வரைபடம் காட்டும் நேரம் நிற்காமல் ஓடுவதற்கான நேரம். பிளேன்டி குடிக்க, பிள்ளைகளை இறக்கி ஏற்ற, வயதானவர்கள் கால் நீட்ட என்று இரண்டு இடத்தில் நின்றால் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கையில் வைத்திருக்கவேண்டும்: ரயர் காற்றுப் போகலாம், தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் பொருளாதார மத்திய நிலையத்துக்குள் திரும்பும் நேரமாக இருக்கலாம், மழை பிடிக்கலாம். ஆக வெளிக்கிட வேண்டியது முதல்நாள் இரவு பத்து மணிக்கு. "சாமத்தில் ரோட்டு வெறுமையாக இருக்கும், ஒரு மணிக்கு எடுத்தால் போதும்" என்று சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் சொல்கிறபடி எல்லாம் சரியாக நடந்தாலும் நீங்கள் போய்ச் சேரும்போது கவுண்டர் மூடுகிற நேரமாக இருக்கும். மார்கழி விடுமுறையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பெருமழைக் காலம் அது. வெள்ளம் ரோட்டை மூடினால் சுற்றிப் போகவேண்டி வரும்.

சாரதியின் நித்திரை

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல விரும்புகிறேன். பயணத்துக்கு முன் வாரம் முழுக்க வீட்டில் பெட்டியின் நிறை பார்ப்பார்கள், பலகாரம் சுடுவார்கள், பாஸ்போட்டை நாலு தரம் எடுத்துப் பார்ப்பார்கள். வண்டி ஓட்டப்போகிறவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழும்பினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வான் சாரதி காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பகல் முழுக்க வேறு ஓட்டம் ஓடி, இரவு பத்து மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பார். அல்லது வீட்டிலேயே சித்தப்பாவோ மச்சானோ, கடையைப் பூட்டிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இரண்டு பேருமே 17, 18 மணி நேரமாக விழித்திருப்பவர்கள்.

17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 24 மணி நேரமானால் அது 0.10க்குச் சமம். இலங்கையில் மது அருந்தி ஓட்டியதாகப் பிடிக்கும் அளவு 0.08. குடித்தவர் ஓட்டும் வானில் பிள்ளைகளை ஏற்றச் சம்மதிக்காத நாம், நித்திரை கொள்ளாதவர் ஓட்டும் வானில் ஏற்றிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறோம். அதிலும் விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் உடம்பு நித்திரையை மிகவும் கேட்கும். பத்து மணிக்கு வெளிக்கிட்ட வான் அந்த நேரத்தில் தம்புள்ளைக்கும் குருநாகலுக்கும் அப்பால் ஓடிக்கொண்டிருக்கும். யானைக் காட்டைக் கடந்துவிட்டோம் என்ற தைரியமும், இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்ற எண்ணமும் சேரும் இடம் அது.

வானைப் பேசும்போதே "அன்றைக்குப் பகல் வேறு ஹையர் எடுக்கக்கூடாது, நாலு மணி நேரமாவது படுத்து எழும்பி வரவேண்டும்" என்று சொல்லுங்கள். அந்தப் பகலின் வருமானத்தையும் நீங்களே கொடுங்கள். கொடுக்காமல் கேட்டால், பாவம், அவர் தலையாட்டிவிட்டு ஓடத்தான் செய்வார். முன் சீற்றில் ஒருவர் நித்திரை கொள்ளாமல் கதைத்துக்கொண்டு வரவேண்டும். அது நன்றாகப் படுத்து எழும்பிய ஆளாக இருக்கட்டும். கண்ணாடியைத் திறந்து காற்று வாங்குவதும் பாட்டைக் கூட்டிப் போடுவதும் நித்திரையைத் துரத்தாது. சாரதி கொட்டாவி விடத் தொடங்கினால், வெளிச்சமுள்ள எரிபொருள் நிலையமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு கோப்பி குடிக்க வைத்து, இருபது நிமிடம் சீற்றைச் சாய்த்துப் படுக்க விடுங்கள். கோப்பி உடம்பில் ஏறுவதற்கும் அவர் எழும்புவதற்கும் சரியாக இருக்கும். கையில் வைத்திருந்த அந்த ஒரு மணி நேரம் இதற்கும்தான்.

கந்தளாயிலிருந்து ஹபரணை வரை

கந்தளாய் தாண்டி அக்போபுர, கல்ஓயா என்று ஹபரணை வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் யானை நடமாடும் இடம். கவுடுல்ல, மின்னேரியா வனப் பூங்காக்களும் ஹுருலு காடும் அந்தப் பக்கம்தான். பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை அவை ரோட்டைக் கடக்கும். யானையின் தோல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண்ணோ தாழ்த்திப் போட்ட லைட்டின் வெளிச்சத்துக்கு மேலே இருக்கிறது. மாட்டின் கண் மின்னுவதைப்போல யானையின் கண் மின்னும் என்று எதிர்பார்த்துக்கொண்டு எண்பதில் ஓடக்கூடாது. அந்தப் பகுதியில் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போகவேண்டாம்.

யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்கவேண்டாம், லைட்டை உயர்த்தி உயர்த்தி அடிக்கவேண்டாம், ஒருவரும் இறங்கவேண்டாம். இறங்கிப் போனில் படம் பிடிக்கிற பெடியளைக் கண்டிப்பாக உள்ளே இருத்துங்கள். ஒரு யானை கடந்ததும் உடனே எடுப்பதுதான் பலர் விடும் தவறு. பின்னால் குட்டியோடு இன்னும் வரும். முன்னால் வாகனங்கள் காரணம் தெரியாமல் வரிசையாக நின்றால் முந்திப் போகாதீர்கள், காரணம் பெரும்பாலும் அதுதான். சாப்பாடு எறிவதை எந்த நேரத்திலும் செய்யவேண்டாம். அப்படிப் பழக்கியதால்தான் சில யானைகள் வாகனத்தை மறிக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

யானையை நினைத்துப் பயப்படும் நாம் மாட்டை மறந்துவிடுகிறோம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் இரவில் தார் ரோட்டின் சூட்டுக்கு மாடுகள் நடு ரோட்டிலேயே படுத்திருக்கும். வீட்டிலிருந்து எடுத்த வேகத்தில் போகும் முதல் ஒரு மணி நேரத்திலேயே அவை வரும்.

இதை எல்லாம் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. முதல்நாள் பகல் இங்கிருந்து வெளிக்கிட்டு, வெளிச்சத்திலேயே ஹபரணையைக் கடந்து, நீர்கொழும்பிலோ சீதுவையிலோ கட்டுநாயக்காவிலோ ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். சனி 2.15 விமானமென்றால் அறை தேவையில்லை. வெள்ளி பின்னேரம் 3 மணிக்கு எடுத்தால் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போய் ஆறுதலாக நிற்கலாம். காலை 6 மணி, 7 மணி விமானங்களுக்குத்தான் அறை வேண்டும். "நாலு மணி நேரம் படுக்க அவ்வளவு காசா" என்று தோன்றும். ஆயிரக்கணக்கில் ரிக்கெட்டுக்கும் சாமானுக்கும் செலவழித்துவிட்டு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதைத் தவிர வேறு யோசனை நான் சொல்லமாட்டேன்.

பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். இரவு ரயில் விடியப்புறம் கொழும்பு போய்ச் சேரும் என்று நம்பி அதே காலையில் விமானம் வைக்காதீர்கள். காட்டுப் பகுதியில் யானைக்காக ரயில் மெதுவாக ஓடவேண்டியிருக்கும். தண்டவாளத்தில் ஒரு சிக்கல் வந்தால் உங்களிடம் மாற்று வழி இல்லை. கொழும்பு பஸ்ஸில் போய் அங்கிருந்து வடக்கே கட்டுநாயக்காவுக்குத் திரும்பி வருவதும் சுற்றுத்தான். பகலில் குருநாகலில் இறங்கி நீர்கொழும்புப் பக்கம் போகும் பஸ் பிடிக்கலாம். சாமத்தில் அதை நம்பி இறங்கவேண்டாம். சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் ரிக்கெட் எடுக்க முன் யாழ்ப்பாணத்துப் பலாலியையும் ஒருமுறை பார்க்கலாம். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த அங்கிருந்து இந்த இரண்டு ஊருக்கும் விமானம் விட்டிருக்கிறார்கள், வவுனியா வழியாகப் பகலில் போய்ச் சேரக்கூடிய தூரம்.

நல்ல நேரம்

ஞாயிறு பின்னேரம் 4.30 முதல் 6 வரை ராகு காலம். ஞாயிறு இரவுப் பயணம் என்றால் பல வீடுகளில் சாமானை ஏற்றிவிட்டு ஆறு மணியாகக் காத்திருப்பார்கள். ஆறு மணிக்கு எடுத்தால் கந்தளாய் தாண்டும்போது இருட்டு. நாள் பார்ப்பதை நான் விடச் சொல்லவில்லை. நாலு மணிக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பி, பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு தேங்காய் உடைத்துக்கொண்டு அப்படியே போய்விடலாமே. நேரமும் நல்ல நேரம், ரோட்டிலும் வெளிச்சம்.

பெயரும் பையும்

நம் பெயர்களால் கவுண்டரில் வரும் சிக்கல் அதிகம். பாஸ்போட்டில் தகப்பன் பெயர் ஒரு இடத்தில், சொந்தப் பெயர் ஒரு இடத்தில் இருக்கும். ரிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர் முதலெழுத்தை மட்டும் போட்டுவிடுவார். கலியாணம் கட்டிய பெண்ணுக்குப் பாஸ்போட்டில் தகப்பன் பெயரும் ரிக்கெட்டில் கணவன் பெயருமாக வந்துவிடும். பாஸ்போட்டின் படப் பக்கத்து அடியில் உள்ள இரண்டு வரிகளில் மேல் வரியில் இருக்கும் பெயரைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அதேபடி ரிக்கெட்டிலும் இருக்கிறதா என்று ரிக்கெட் எடுத்த அன்றே சரிபாருங்கள். அன்று திருத்துவது சுலபம், விடியப்புறம் நாலு மணிக்குக் கவுண்டரில் திருத்துவது பெரும்பாடு. பாஸ்போட்டுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கவேண்டும். இந்தியாவுக்கு இணையத்தில் விசா எடுத்தவர்கள் அந்தத் தாளை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். போன் சார்ஜ் இறங்குவதும் அன்றைக்குத்தான் நடக்கும்.

வழியில் கந்தளாயில் சட்டித் தயிர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அதைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டி வரும். தயிர், நெய், ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் சம்பல் எல்லாம் திரவக் கணக்கில்தான் சேரும். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: பெரிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது, கையில்தான் கொண்டுபோகவேண்டும். வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் மணி அளவில் வரும், 100க்கு உட்பட்டதால் பிரச்சினையில்லை. பிரஷர், சீனி மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

வழியனுப்பப் போகிறவர்கள்

ஒருவர் பறக்க, பத்துப் பேர் வானில் போவது நம் ஊர் வழக்கம். அன்பினால்தான் போகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விமானம் ஏறியவர் சீற்றில் சாய்ந்து நித்திரை கொள்ளும்போது, அதே சாரதி, அதே வானில், மிச்சம் ஒன்பது பேரோடு திரும்பி வருகிறார். போகும்போது இருந்த பரபரப்பு அவரை விழிப்பாக வைத்திருந்தது. திரும்பும்போது அதுவும் இல்லை. பின்னால் எல்லோரும் படுத்துவிடுவார்கள். இந்தத் திரும்பும் பயணத்தை ஒருவரும் திட்டமிடுவதில்லை, விபத்துச் செய்தியாக வருவதில் இதுவும் உண்டு.

வானில் போகிற ஆட்களைக் குறையுங்கள்; அப்பம்மாவிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் வீட்டிலேயே சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். சாரதி திரும்ப முன் படுத்து எழும்ப நீர்கொழும்புப் பக்கம் ஒரு இடத்தை முன்பே ஒழுங்கு செய்து, அதற்கான காசையும் கூலியோடு சேர்த்தே பேசிவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் படுத்து, பத்து, பதினொரு மணிக்கு எழும்பிச் சாப்பிட்டு எடுத்தால், ஹபரணையையும் கந்தளாயையும் வெளிச்சத்தில் கடந்து பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.