முதல் ரெஸ்யூம்: தமிழில் தொடங்கி ஒரு பக்கத்தில் முடிப்பது எப்படி

என் வீடு வேளச்சேரியில். கடைசி செமஸ்டர் வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ரெஸ்யூமோடு வந்து உட்காருவார்கள். முக்கால்வாசிப் பேர் சொல்லும் முதல் வார்த்தை, "எழுத ஒண்ணுமே இல்லைக்கா."

போன வருடம் வந்த ஒரு பி.காம். மாணவியும் அப்படித்தான் சொன்னாள். அவள் கொண்டுவந்த தாளில் கடின உழைப்பாளி, நேர்மறை எண்ணம் உள்ளவர், குழுவாக வேலை செய்வார் என்றெல்லாம் இருந்தது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது: புரசைவாக்கத்தில் அப்பாவின் பாத்திரக் கடைக்கு இரண்டு வருடமாக டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவது அவள்தான். அது ஏன் இதில் இல்லை என்று கேட்டேன். "அது வீட்டு வேலைதானேக்கா" என்றாள்.

செய்த வேலை வெளியே நிற்கிறது, யாரோ எழுதிய வாக்கியம் உள்ளே இருக்கிறது. நான் பார்க்கும் ரெஸ்யூம்களில் பெரிய குறை இதுதான். இதைச் சரிசெய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நோட்டில், தமிழில்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். டெம்ப்ளேட் தேடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, கடந்த மூன்று நான்கு வருடங்களில் நீங்கள் செய்ததையெல்லாம் தமிழில் எழுதுங்கள். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகும், தெரியும். ஆனால் முதலிலேயே ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் கை தானாக இணையத்தில் கிடைக்கும் வரிகளுக்குப் போய்விடுகிறது. தமிழில் எழுதும்போது நடந்ததை மட்டும்தான் எழுத வரும். அதை அப்புறம் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எதெல்லாம் எழுதலாம்? புராஜெக்ட், இன்பிளான்ட் டிரெயினிங், என்பிடெல் ஆன்லைன் பாடத்தின் தேர்வு, நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி, டைப்ரைட்டிங் லோயர் அல்லது ஹையர். சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் தேடி அலைந்தது, என்எஸ்எஸ் முகாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது உணவுப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தது. பெரியதா சிறியதா என்று இப்போது பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்போது, எத்தனை, எதை வைத்து என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: விளம்பரத்தைப் பென்சிலோடு படியுங்கள்

வேலை விளம்பரத்தில் கேட்டிருப்பதை அடிக்கோடிடுங்கள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும், ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் வேலைக்கும் ஒரே தாளை அனுப்பினால் இரண்டிலும் பொருந்தாது. நோட்டில் உள்ளவற்றில் எது இந்த வேலைக்குப் பொருந்துகிறதோ அதை மேலே கொண்டுவாருங்கள். மற்றவை கீழே போகட்டும், அல்லது போகாமலே இருக்கட்டும்.

படி 3: பெயரும் தொடர்பு விவரமும்

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது அலைய நேரும். ஆன்லைன் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் என்ன எழுதுவது என்று இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

பெயருக்குக் கீழே போன் எண், மின்னஞ்சல், வசிக்கும் பகுதி. "தாம்பரம், சென்னை" என்றால் போதும், கதவு எண் வேண்டாம். அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனதா இல்லையா, இவை எதுவும் வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருந்தால் ஒழிய போட்டோவும் வேண்டாம். ஆதார் எண்ணை ஒருபோதும் ரெஸ்யூமில் போடாதீர்கள். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

படி 4: படிப்பு

கடைசியாகப் படித்தது முதலில். சிஜிபிஏ எழுதும்போது எத்தனைக்கு என்பதையும் எழுதுங்கள்: 7.8/10. சதவீதமாகக் கேட்டால் உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்குப்படி மாற்றுங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை 600-க்கு எவ்வளவு என்றும், சதவீதத்திலும் கொடுக்கலாம்.

2021-ல் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை. சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துத் தயங்கி, ஒரு மதிப்பெண்ணைத் தாங்களாகவே போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். "தேர்ச்சி, 2021, மதிப்பெண் வழங்கப்படவில்லை" என்று எழுதினால் போதும்.

அரியர் இருந்தால்? கேட்காத இடத்தில் எழுத வேண்டியதில்லை. கேட்ட இடத்தில் மறைக்கக் கூடாது. நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று விளம்பரம் சொன்னால் அதை மதித்து அடுத்ததைப் பாருங்கள்.

படி 5: செய்ததை எழுதுவது

ரெஸ்யூமின் உயிர் இந்தப் பகுதிதான். அரை நாள் ஆனாலும் பரவாயில்லை, உட்கார்ந்து எழுதுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் வர வேண்டும்: என்ன செய்தீர்கள், எதை வைத்து, எந்த அளவுக்கு. பாத்திரக் கடைப் பெண்ணின் வரியை நாங்கள் இப்படி மாற்றினோம்.

முன்பு: "கணக்கியலில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்."

பின்பு: "குடும்பக் கடையின் விற்பனை, கொள்முதல் பில்களை இரண்டு ஆண்டுகளாக டாலியில் பதிவு செய்கிறேன். மாதம் சுமார் 120 பில்கள். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கான விற்பனைப் பட்டியலை ஆடிட்டருக்குத் தயார் செய்து தருகிறேன்."

ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசத் தோன்றும்.

பொறியியல் மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். "ஐஓடி நீர்மட்டக் கண்காணிப்பு" என்பதிலிருந்து யாருக்கு என்ன புரியும்? "விடுதியின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தை அல்ட்ராசானிக் சென்சார், இஎஸ்பி32 போர்டு கொண்டு அளந்து, கால்வாசிக்குக் கீழே போனால் காப்பாளரின் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி. நான்கு பேர் குழு. என் பங்கு: போர்டுக்கான நிரல், மூன்று வாரச் சோதனை." இப்படி எழுதினால் நேர்காணலில் கேள்வி எங்கிருந்து வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியதா? அப்படியானால் வீட்டில் அதை முழுதாகப் பிரித்து, உங்கள் கையால் ஒரு பகுதியையாவது மறுபடி செய்யுங்கள். இல்லையென்றால் ரெஸ்யூமில் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே திணறிப்போய் அழுதுகொண்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 6: திறன்கள்

ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி, இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று பாருங்கள். முடியாததை அடித்துவிடுங்கள். "எம்எஸ் ஆபீஸ்" என்பதைவிட "எக்செல்: பிவட் டேபிள், விலுக்அப்" என்பது மேல். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு என்று வரைவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மொழிகளைக் கட்டாயம் எழுதுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிறவர்கள் அதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளரோடு பேசும் வேலைகளில் அது உங்களுக்குக் கூடுதல் பலம்.

படி 7: எடுக்க வேண்டியவை

"சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள" என்று தொடங்கும் குறிக்கோள் வரி வேண்டாம். அந்த இடத்தில் நீங்கள் யார், எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று இரண்டு வரி போதும். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கடைசியில் வரும் டிக்ளரேஷனும் வேண்டாம். சீனியரின் ஃபைலில் பெயரை மாற்றி அனுப்பும்போது, பெரும்பாலும் அந்த டிக்ளரேஷனில்தான் சீனியர் பெயர் அப்படியே நின்றுவிடுகிறது.

படி 8: வடிவம்

ஏ4 அளவில் ஒரே பக்கம். கூகுள் டாக்ஸ் இலவசம், அது போதும். எழுத்து அளவு 11. பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்து, கட்டம் போட்டு, படக்குறி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் படிப்பது ஒரு மென்பொருள், இப்படிப்பட்ட வடிவத்தில் அது குழம்பிவிடக்கூடும். மேலிருந்து கீழாக நேராக எழுதுங்கள். பிடிஎஃப் ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று வந்தால் எச்ஆர் அதை எப்படித் தேடி எடுப்பார்?

படி 9: சரிபார்த்து அனுப்புவது

ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரின்ட் எடுங்கள். திரையில் கண்ணில் படாத பிழை தாளில் படும். வாய்விட்டுப் படியுங்கள். பிறகு உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் அரை நிமிடம் கொடுத்து, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நான் என்ன செய்தேன்னு ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் சொல்ல நினைத்ததாக இல்லையென்றால், மறுபடி படி 5.

மின்னஞ்சலில் வெறும் ஃபைலை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள். எந்த வேலை, நீங்கள் யார், எப்போது சேர முடியும் என்று நான்கு வரி எழுதுங்கள். கிண்டியில் வேலைவாய்ப்பு முகாமுக்கோ வாக்-இன்னுக்கோ போனால், மடியாத ஃபைலில் ஐந்தாறு பிரதி எடுத்துச் செல்லுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவருக்கு ரெஸ்யூமும் கொடுக்க வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம்.

எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, எந்த ஃபைலை அனுப்பினீர்கள் என்று அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, நீங்கள் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று போன் வரும். "அரை மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, இறங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்து, அவர் கையில் இருக்கும் அதே ரெஸ்யூமைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.