ஆலைத் தண்ணீரைத் தோப்புக்குப் பாய்ச்சும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலையோ ஊறுகாய், பலகாரம் செய்யும் கூடமோ நடத்துபவர்கள், தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ பாய்ச்ச நினைத்தால், முதல் வேலையாக உப்புத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிட வேண்டும். நெல் ஊறிய தண்ணீரில் உள்ள மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். மாங்காய் ஊறிய தண்ணீரின் உப்பையோ, நுண்ணுயிர்கள் வேலை செய்யக் காற்றை ஊதும் எந்தக் காற்றூட்டத் தொட்டியும் அகற்றாது. இரண்டையும் ஒன்றாக விட்ட ஒரு தோப்பில், கீற்றுகளின் நுனி கருகி, வட்டப்பாத்தியின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்ததைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். உப்புநீரை, கசியாதபடி பூசிய ஆழமில்லாத தொட்டியில் வெயிலில் காயவிடுவதே நல்லது.

மீதித் தண்ணீரைச் சல்லடையில் வடித்து, எண்ணெயைப் பிரித்து, பிறகு காற்றூட்ட வேண்டும். நிலத்தில் பாய்ச்சும் நீருக்கு அரசு விதித்துள்ள வரம்பு, லிட்டருக்கு பி.ஓ.டி. (நீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 100 மி.கி., கரையாத திடப்பொருள் 200 மி.கி., எண்ணெய் 10 மி.கி.; அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 முதல் 9 வரை இருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும் பெற்றாக வேண்டும்.

நிலத்தின் அளவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்கு நீர் நிற்க ஏறத்தாழ 4,000 லிட்டர் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 20,000 லிட்டர் வந்தால், சராசரியாக 5 மி.மீ. வீதம் பாய்ச்ச ஒரு ஏக்கர் நிலம் போதும். அந்த ஏக்கரை நான்காகப் பிரித்து, நாளுக்கு ஒரு பகுதியாக முறைவைத்துப் பாய்ச்சினால், ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும். மண்ணுக்குள் காற்றுப் புக இந்த ஓய்வு இன்றியமையாதது. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி, மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள்: அழுகிய முட்டை வாடை அடித்தால், வாடை போகும்வரை அந்தப் பகுதிக்குத் தண்ணீர் விடக் கூடாது.

பச்சையாகத் தின்னும் கீரை, காய்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துச் சரளை மண்ணில் நீர் விரைவாக இறங்குவதால், குடிநீர்க் கிணற்றுக்கு அருகிலும் பாய்ச்சக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் நனைந்து கிடக்கும்போது வரும் நீரைத் தேக்கிவைக்கப் பெரிய தொட்டி கட்டாயம் வேண்டும். அதுவும் நிறைந்துவிட்டால் ஆலையைச் சில நாள் நிறுத்துங்கள். கண்மாய்க்கோ ஊருணிக்கோ மதகைத் திறந்துவிடாதீர்கள்.