மேட்ரிக்ஸ் ஸ்விட்சரை சீரியல் கட்டளைகளால் இயக்குவது எப்படி?

சமூக மன்றத்திலோ கோயில் மண்டபத்திலோ நிகழ்ச்சி நடக்கும்போது, பின்னால் ஒலி, ஒளிக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு தொண்டூழியர்தான். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

மேட்ரிக்ஸ் ஸ்விட்சரில் எந்த இன்புட்டையும் எந்த அவுட்புட்டுக்கும் அனுப்பலாம். மடிக்கணினியின் படம் மேடைத் திரைக்கு, கேமராவின் படம் வாசலில் உள்ள டிவிக்கு என்று ஒரே நேரத்தில் பிரித்து விடலாம். முகப்பில் பொத்தான்கள் இருக்கும். ஆனால் ரேக் பூட்டிய அறையில் இருந்தால் பொத்தானை எப்படி அழுத்துவது? அங்கேதான் ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு கைகொடுக்கிறது; கணினியிலிருந்து கேபிள் வழியே எழுத்துக் கட்டளைகளை அனுப்பலாம். 1960-இல் வந்த தரம் இது. ஐபி முகவரி தேட வேண்டாம், மண்டபத்தின் வைஃபையை நம்பியிருக்க வேண்டாம். அதனால்தான் இன்றும் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு எக்ஸ்ட்ரான் நிறுவனத்தின் கட்டளைகளைப் பார்ப்போம். சுருக்கமானவை, புதியவர்களுக்கு எளிது.

முதலில் கேபிள்

இப்போதைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இருப்பதில்லை. யூஎஸ்பி–சீரியல் அடாப்டர் ஒன்று வேண்டும். சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் இந்த மாதிரிச் சாமான்கள் கிடைக்கும். எஃப்டிடிஐ (FTDI) நிறுவனத்தின் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், டிரைவர் தொல்லை குறைவு.

மூன்றே கம்பிகள் போதும்: அனுப்புவது, பெறுவது, கிரவுண்ட். கணினியின் 9 பின் போர்ட்டில் 3-ஆம் பின் அனுப்பும், 2-ஆம் பின் பெறும், 5 கிரவுண்ட். கணினி அனுப்புவது ஸ்விட்சர் பெறும் முனைக்குப் போக வேண்டும். பதிலே வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரண்டு கம்பிகளைத்தான். மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

பிறகு மென்பொருள்

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அடாப்டருக்கு எந்த காம் (COM) போர்ட் எண் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டளைகளைத் தட்டி அனுப்ப, இலவசமாகக் கிடைக்கும் புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறந்து, சீரியலைத் தேர்ந்து, அந்த எண்ணையும் வேகம் 9600 என்றும் கொடுங்கள். 8 டேட்டா பிட், 1 ஸ்டாப் பிட், பேரிட்டி இல்லை. ஃப்ளோ கன்ட்ரோல் புட்டியில் வேறாக இருக்கும், அதையும் இல்லை என்று மாற்றிவிடுங்கள். லோக்கல் எக்கோவை இயக்கினால் நீங்கள் தட்டுவது திரையில் தெரியும்.

சரி, இப்போது ஆங்கிலப் பெரிய எழுத்து க்யூவை மட்டும் தட்டுங்கள். ஸ்விட்சர் தன் ஃபர்ம்வேரின் (உள் மென்பொருளின்) பதிப்பு எண்ணைச் சொல்லும். எந்தத் திரையையும் மாற்றாத கேள்வி இது. நிகழ்ச்சி நடக்கும்போதுகூடத் தைரியமாகக் கேட்கலாம். பதில் வந்தால் கேபிளும் வேகமும் சரி.

இணைக்கும் கட்டளை

1*2!

இன்புட் 1, அவுட்புட் 2-க்குப் போகட்டும், படமும் ஒலியும் சேர்ந்து என்று பொருள். என்டர் தேவையில்லை. அவுட்புட் எண், இன்புட் எண், ‘ஆல்’ என்ற மூன்றும் பதிலில் வரும். அந்தப் பதிலைப் படிக்காமல் அடுத்த கட்டளைக்குப் போகாதீர்கள். கட்டளை போய்ச் சேர்ந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

ஆச்சரியக்குறிக்குப் பதில் % போட்டால் படம் மட்டும், $ போட்டால் ஒலி மட்டும் மாறும். மேடையில் நடனம், திரையில் பேச்சாளரின் படங்கள், ஒலி மட்டும் வேறு இடத்திலிருந்து என்ற நிலைமை நம் நிகழ்ச்சிகளில் அடிக்கடி வரும். அப்போது இந்த இரண்டு குறிகளும்தான் காப்பாற்றும். 2% என்று மட்டும் தட்டினால், அவுட்புட் 2-இல் இப்போது எந்தப் படம் என்று தெரிந்துவிடும். 0*2! இணைப்பை நீக்கும்.

ஒரு எச்சரிக்கை. அவுட்புட் எண்ணை விட்டுவிட்டு 1*! என்று தட்டினால், இன்புட் 1 எல்லா அவுட்புட்டுக்கும் போய்விடும். வாசல் டிவி, பக்க அறை எல்லாமே மாறும்.

ப்ரீசெட்: கமாவும் புள்ளியும்

இருக்கும் இணைப்புகளை மொத்தமாகச் சேமித்து வைப்பதுதான் ப்ரீசெட். 3-ஆம் எண்ணில் சேமிக்க 3 தட்டிக் கமா. திரும்ப அழைக்க 3 தட்டிப் புள்ளி. இந்த இரண்டு விசைகளும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில்! விரல் தவறிக் கமா விழுந்தால், ஒத்திகையில் பார்த்துப் பார்த்து அமைத்தது அழிந்து, அந்த நொடியில் இருப்பது அதன் இடத்தில் பதிவாகிவிடும். ஆகவே நிகழ்ச்சி நாளில் கையால் தட்டாமல், அழைக்கும் கட்டளைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒட்டுவதே என் வழக்கம். சேமிக்கும் கட்டளைகளை அந்தக் கோப்பில் வைக்கவே கூடாது.

பிழைப் பதில்கள்

ஆங்கில எழுத்து ஈ-யில் தொடங்கும் பதில் வந்தால் பயப்பட வேண்டாம், என்ன தவறு என்று அதுவே சொல்கிறது. 01 என்றால் இல்லாத இன்புட், 10 என்றால் புரியாத கட்டளை, 11 தவறான ப்ரீசெட், 12 இல்லாத அவுட்புட்.

வேறு நிறுவனத்தின் ஸ்விட்சர் என்றால் கட்டளைகள் மாறும். க்ரேமரின் புரோட்டோகால் 3000-இல் கட்டளை # குறியில் தொடங்கி என்டரில் முடியும், பல மாடல்களில் வேகம் 115200. கையேட்டில் வேகம், முடிவுக் குறி, பதிப்பைக் கேட்கும் கட்டளை மூன்றையும் முதலில் தேடுங்கள். அப்புறம் ஒரே ஒரு அவுட்புட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், மண்டபம் காலியாக இருக்கும்போது.