பூட்டிவிட்டு நீங்களே வெளியே நிற்காதீர்கள்: எஸ்எஸ்எச்சில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

குடியாத்தத்தில் மாமாவின் கைலிக் கடையில் பில் போடும் லினக்ஸ் கணினியைக் காட்பாடியில் இருந்தபடியே எஸ்எஸ்எச் (SSH, தொலைவிலிருந்தே இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் இரவு அதில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்கினேன், எஸ்எஸ்எச் நுழையும் வாசலான 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுக்காமலே. வேடிக்கை என்னவென்றால், திறந்திருந்த டெர்மினல் பாட்டுக்கு வேலை செய்தது. ஏற்கெனவே இருந்த இணைப்பை ஃபயர்வால் அறுக்கவில்லை. சரி, முடிந்தது என்று மூடினேன். திரும்ப நுழைய முடியவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய்க் கடையில் உட்கார்ந்து சரிசெய்தேன். “வீட்ல இருந்தே பாத்துக்கலாம்னு சொன்னியே மாப்ளே?” என்றார் மாமா.

எதை மாற்றினாலும் பழைய டெர்மினலை மூடாதீர்கள். இன்னொன்றைத் திறந்து, புதிதாக லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள். அந்தப் பக்கம் எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டியை (sshd) ‘மைனஸ் டீ’ (-t) போட்டு ஓட்டினால், அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே காட்டிவிடும்.

அடுத்தது பாஸ்வேர்டு. இணையத்துக்குத் திறந்த கணினியில் ‘ரூட்’ (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு), ‘அட்மின்’ என்று பெயர் போட்டுப் பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டும் நிரல்கள் ஓயாமல் வரும். லாக் கோப்பைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். போர்ட் எண்ணை 2222 என்று மாற்றினால் லாக்கில் குப்பை குறையும், அவ்வளவுதான். ரூட் லாகினை நிறுத்திவிட்டு, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் முறைக்கு மாறுங்கள்.

சாவி உருவாக்கினால் இரண்டு கோப்புகள் வரும். ‘பப்’ (.pub) என்று முடிவதுதான் சர்வருக்கு, அதாவது நீங்கள் நுழையப் போகும் கணினிக்குப் போக வேண்டியது. மற்றது உங்கள் கணினியை விட்டு நகரக் கூடாது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் “கொஞ்சம் போட்டுக் கொடு” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அந்தச் சாவிக் கோப்பின் அனுமதி 600 ஆக (நீங்கள் மட்டுமே படிக்க, எழுத முடிகிறபடி) இருக்கட்டும். மற்றவர்கள் படிக்க முடிகிற சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது. அதற்கு ஒரு பாஸ்ஃபிரேஸும் (சாவியைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) வையுங்கள், லேப்டாப் திருடு போனாலும் சாவி உடனே உதவாது.

அப்புறம், உபுண்டுவில் ஒரு சிக்கல். அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு லாகினுக்கு ‘நோ’ போட்ட பிறகும் பாஸ்வேர்டு கேட்கலாம். பக்கத்துத் துணைக் கோப்புறையில் கிளவுட்-இனிட் (சர்வரை முதன்முறை இயக்கும்போது தானாக அமைத்துக் கொடுக்கும் நிரல்) வைத்த கோப்பில் ‘யெஸ்’ இருக்கலாம். எஸ்எஸ்எச்டி முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்புறைதான் முதலில் படிக்கப்படுகிறது. அங்கே மாற்றி ரீஸ்டார்ட் செய்து, சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து நுழைய முயன்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே மறுத்தால் வேலை முடிந்தது.