மாண்டரின் தொனி பிடிபடவில்லையா? இப்படிச் சோதித்துப் பாருங்கள்

என்னிடம் மாண்டரின் சீனம் படிக்க வருபவர்களில் பாதிப் பேர் சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சீனாவிலிருந்து மெஷின் இறக்கப் பேரம் பேச வேண்டும் அல்லவா! முதல் வாரமே ‘மா’வில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு வரிசையாக நான்கு தொனி: குரலை ஒரே உயரத்தில் நீட்டினால் அம்மா, ஏற்றினால் சணல், தாழ்த்தி வளைத்தால் குதிரை, வெடுக்கென்று இறக்கினால் திட்டு. “எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது மிஸ்” என்பார்கள். பெரும்பாலும் அது பழக்கக் குறைவுதான். மாதக்கணக்கில் பழகியும் அப்படியே இருந்தால்தான் சோதனை.

முதலில் காது பரிசோதனை. அதில் குறை இல்லையென்றால் போனில் ஒரு கீபோர்டு ஆப் போதும். பாடச் சொல்லாதீர்கள், சுருதி விலகிப் பாடுகிற பலருக்குக் காது பிரமாதமாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைத் தட்டி, “ஏறுச்சா, இறங்குச்சா?” என்று மட்டும் கேளுங்கள். திரும்பத் திரும்பத் தடுமாறினால், பிறவியிலேயே வரும் அம்யூசியாவாக, அதாவது சுருதி ஏற்ற இறக்கம் பிடிபடாத குறையாக இருக்கலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா மேளத்துக்குச் சரியாகக் கைதட்டுகிறானே என்று ஏமாற வேண்டாம். இதில் தாளத்தைவிட ராகம்தான் அதிகம் அடிபடும். உறுதி செய்ய மான்ட்ரியல் சோதனைத் தொகுப்பு என்று முறையாக ஒன்று இருக்கிறது. நம் கீபோர்டு வெறும் சந்தேகத்துக்குத்தான்.

அடுத்து தமிழிலேயே சோதியுங்கள். “சாப்டாச்சு” என்பதை ஒருமுறை செய்தியாக, ஒருமுறை கேள்வியாகச் சொல்லுங்கள். “சாப்டாச்சா” கூடாது, அந்த ‘ஆ’ காட்டிக்கொடுத்துவிடும். புருவம்கூடக் காட்டிக்கொடுக்கும், ஆகவே முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்லி, எது கேள்வி என்று கேட்பது நல்லது.

தாய்மொழியே மாண்டரின் என்றால் இந்தச் சிக்கல் வராது என்று நினைக்கிறோம். வருகிறது. 2010இல் வெளியான ஆய்வில், அம்யூசியா உள்ள 22 மாண்டரின்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சொற்களின் தொனியைப் பிரித்தறிவதிலும் சிரமம் இருந்தது. 6 பேருக்கு அது மிகக் கடுமை. ஆனால் அந்த 6 பேரும் தொனிகளைச் சரியாகவே உச்சரித்தார்கள்! ஆகவே உச்சரிப்பை வைத்துக் காதுக்கு மார்க் போடாதீர்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சுருதியை விட்டுவிட்டு நீளத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு சொல்லை மட்டும் தனியாகச் சொல்லும்போது மூன்றாம் தொனி நீளம், நான்காம் தொனி குட்டை. வேகப் பேச்சில் இது அவ்வளவாகக் கைகொடுக்காது. அங்கே முன்பின் வார்த்தைகள்தான் துணை. வியாபாரிக்குப் பெரிய கண்டம் ‘மை’. மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. பேரம் முடியும் இடத்தில் மெசேஜில் எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள். இன்றைய எளிய எழுத்தில், விற்பதற்கு மட்டும் தலையில் ஒரு கூட்டல் குறி இருக்கும்.