டிபி53 காணாமல் போனபோது

மனித மரபணுப் பட்டியலையும் சுண்டெலிப் பட்டியலையும் பெயரை வைத்தே இணைத்தேன். மனிதப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து, சுண்டெலிக்கு முதல் எழுத்து மட்டும் பெரியது. அதைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்தேன். முடிவில் புற்றுநோய் ஆய்வில் முதலில் தேடும் டிபி53 மரபணுவையே காணோம்! சுண்டெலியில் அதன் பெயர் டிஆர்பி53. எப்படிப் பொருந்தும்?

சரி என்று இரு பக்கத்தையும் என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணுக்கு மாற்றி, ஆர்த்தலாக் அட்டவணை (ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்து, இரு உயிரினங்களிலும் உள்ள இணை மரபணுக்களின் பட்டியல்) வழியாக இணைத்தேன். டிபி53 வந்துவிட்டது. ஒரு மரபணுவுக்கு மறுபக்கம் பல மரபணுக்கள் என்று வந்த ஜோடிகளை மட்டும் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதில் அவசரமே கூடாது.

அப்புறம், பழைய கோப்பில் மார்ச்1 என்ற மரபணு விரிதாளில் '1-மார்ச்' என்று தேதியாகிக் கிடந்தது. இப்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் மார்ச்எஃப்1. மூலக் கோப்பை, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்து மறுபடி திறந்தேன்.