கோல்டு ஸ்பிரே சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்டு ஸ்பிரே என்பது உலோகத் தூளை வேகமாக மோதவைத்துப் பூச்சு போடும் முறை. இதில் தூள் உருகுவதில்லை. பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான் வரை பருமனுள்ள துகள்களைச் சூடான நைட்ரஜனோ ஹீலியமோ நாசில் வழியே விரட்டுகிறது. வினாடிக்கு 300 முதல் 1200 மீட்டர் வேகத்தில் திடமாகவே போய் மோதி, நசுங்கி, ஒட்டிக்கொள்கின்றன. மோதல் சில பத்து நானோ வினாடிகளில் முடிந்துவிடும். அதை நேரில் அளப்பது கடினம் என்பதால்தான் சிமுலேஷன். ஆனால் உள்ளீடு தப்பாக இருந்தாலும், துகளின் விளிம்பில் உலோகம் ஜெட்டாகப் பிதுங்கும் படம் அழகாகவே வந்துவிடும். பலரும் ஏமாறுவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

முதலில் அலகுகள். அபாகஸ் போன்ற மென்பொருளுக்கு அலகு தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். மில்லிமீட்டர், டன், வினாடி முறையில் வேலை செய்தால் தாமிரத்தின் அடர்த்தி 8.96×10⁻⁹, தன்வெப்பம் 3.85×10⁸. அடர்த்தியை மாற்றிவிட்டுத் தன்வெப்பத்தை மட்டும் பழக்கதோஷத்தில் 385 என்று விட்டுவிட்டால், வெப்ப உயர்வு பத்து லட்சம் மடங்காகும். முதல் சில படிகளிலேயே துகள் உருகுநிலையைத் தொட்டு வலிமையை இழக்கும். வெப்பநிலையிலும் இதே கவனம் வேண்டும். உருகுநிலையை 1083 என்று செல்சியஸில் கொடுத்துவிட்டுத் தொடக்க வெப்பநிலையை 298 என்று கெல்வினில் கொடுத்தால் ஓட்டம் நிற்காது, எச்சரிக்கையும் வராது. உலோகம் மட்டும் இருக்க வேண்டியதைவிட மென்மையாக நடந்துகொள்ளும்.

இதைப் பிடிக்க ஒரு காகிதக் கணக்கு போதும். 500 மீ/வி வேகத்தில் வரும் தாமிரத் துகளின் இயக்க ஆற்றல் கிலோவுக்கு 1,25,000 ஜூல். அதை 385-ஆல் வகுத்தால் 325 டிகிரி. முழு ஆற்றலும் துகளுக்குள்ளேயே தங்கினாலும் சராசரி உயர்வு அதைத் தாண்டாது; உண்மையில் ஒரு பங்கு அடிப்பொருளுக்கு, அதாவது துகள் மோதும் உலோகத்துக்கு, போய்விடும். தொடும் பரப்பில் மெல்லிய பட்டை ஒன்று மிக அதிகமாகச் சூடாகலாம். துகள் முழுக்க 800 டிகிரி என்று காட்டினால் உள்ளீட்டில்தான் கோளாறு.

அடுத்தது மெஷ், அதாவது பொருளை எலிமென்ட் என்ற சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை. அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். 20 மைக்ரான் துகளுக்கு 1 மைக்ரான் எலிமென்ட் வைத்து, 'உச்சத் திரிபு இவ்வளவு, உச்ச வெப்பம் இவ்வளவு' என்று அறிக்கை எழுதுகிறார்கள். திரிபு, அதாவது உலோகத்தின் உருமாற்ற அளவு, குவியும் பட்டை அதைவிட மெல்லியது. எலிமென்டைப் பாதியாக்கினால் உச்சம் ஏறும், இன்னும் பாதியாக்கினால் இன்னும் ஏறும். அந்த எண் மெஷ்ஷைச் சொல்கிறதே தவிர உலோகத்தைச் சொல்லவில்லை. துகள் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.4 மைக்ரான், நல்ல தொடக்கம். அதோடு 0.8, 0.2 மைக்ரானிலும் ஓட்டிப் பாருங்கள். துகள் எவ்வளவு தட்டையானது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்பவை சீக்கிரம் நிலைத்துவிடும். முடிவுகளை அவற்றின் மேல் கட்டுங்கள். ஒற்றை எலிமென்டின் உச்ச மதிப்பை வைத்து ஒட்டுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

மெஷ் நுணுகினால், மெஷ்ஷும் உலோகத்தோடு சேர்ந்து உருமாறும் லக்ராஞ்சியன் முறையில் விளிம்பு எலிமென்டுகள் கசங்கி ஓட்டம் நின்றுபோகும். உடனே சிலர் கசங்கிய எலிமென்டுகளை அழித்துவிடும் எலிமென்ட் நீக்கத்தைப் போடுகிறார்கள். பார்க்க வேண்டிய ஜெட்டே அழிந்துவிடும். வேறு சிலர் கசங்கிய வலையை மறுபடி ஒழுங்காக்கும் தகவமைப்பு மெஷ்ஷை ஒவ்வொரு படிக்கும் இயக்குகிறார்கள். ஒவ்வொரு மறுபகிர்விலும் திரிபும் வெப்பமும் அக்கம்பக்கத்தில் கரைந்து உச்சம் மழுங்கும். கசங்கல் தாங்கமுடியாத அளவுக்குப் போனால் மெஷ் அசையாமல் நிற்க, பொருள் அதனூடே பாயும் ஆய்லரியன் முறைக்கு மாறுவதே நேர்வழி.

அதிலும் ஒரு பொறி உண்டு. அபாகஸில் துகளும் அடிப்பொருளும் இரண்டுமே ஆய்லரியன் பொருளாக இருந்தால், தொட்ட இடத்தில் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும். இழுவையையும் கடத்தும். எந்த வேகத்தில் விட்டாலும் துகள் ஒட்டும். லக்ராஞ்சியனில் இதற்கு நேர் எதிர்: ஒட்டும் விசைக்குத் தனி விதி கொடுக்காவிட்டால் எவ்வளவு வேகமாக மோதினாலும் துகள் மீண்டு எகிறும். இரண்டு ஓட்டங்களிலும் கிடைத்தது ஒட்டுதலைப் பற்றிய விடை அல்ல, தொடுபரப்புக்கு நாம் கொடுத்த அமைப்பின் எதிரொலி.

நேரம் மிச்சமாகும் என்று மாஸ் ஸ்கேலிங் போடுவது, அதாவது கணக்குப் படியைப் பெரிதாக்க நிறையைச் செயற்கையாக ஏற்றுவது, இங்கே அபத்தம். மோதலை நடத்துவதே நிறைதான். அதை மாற்றினால் வேறொரு மோதலைக் கணக்கிடுகிறீர்கள். தேவையும் இல்லை: 0.4 மைக்ரான் எலிமென்டில் ஒரு கணக்குப் படியின் நேரம் தொடக்கத்தில் சுமார் 0.08 நானோ வினாடி. 100 நானோ வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள். எலிமென்ட் நசுங்க நசுங்கக் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

பொருள் மாதிரிக்கு வருவோம். திரிபு, திரிபு வீதம், வெப்பம் மூன்றையும் வைத்து வலிமையைச் சொல்லும் ஜான்சன்–குக் சூத்திரம் எல்லோருக்கும் கைக்கு எட்டுவது. தாமிரத்துக்கு ஏ 90 மெகாபாஸ்கல், பி 292 மெகாபாஸ்கல், என் 0.31, சி 0.025, எம் 1.09 என்று 1983-இல் வந்த எண்கள் இன்றும் சுற்றுகின்றன. கோல்டு ஸ்பிரேயில் திரிபு வீதம், அதாவது உருமாற்றம் நடக்கும் வேகம், வினாடிக்கு 10⁷-ஐத் தாண்டி, விளிம்பில் 10⁹ வரை போகும். திரிபு வீதத்தின் பங்கைக் குறிக்கும் சி 0.025 என்றால் 10⁴-இலிருந்து 10⁹-க்குப் போகும்போது வலிமை வெறும் 23 சதவீதம்தான் கூடும். உண்மைத் தாமிரத்தில் உயர் வீதங்களில் வலிமை செங்குத்தாக ஏறத் தொடங்கும். விளைவு, மாதிரித் துகள் நிஜத்தைவிட அதிகமாகத் தட்டையாகும், ஜெட் நீளமாகும். பிரஸ்டன்–டாங்க்ஸ்–வாலஸ் மாதிரி இந்த வீதங்களையும் கணக்கில் கொண்டு உருவாக்கப்பட்டது. இரண்டிலும் ஓட்டி இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட்டே பேசுங்கள்.

வெப்பம் பரவ நேரமில்லை என்று எல்லா உலோகத்துக்கும் கடத்தலை அணைத்துவிடுவதும் தவறு. 50 நானோ வினாடியில் தாமிரத்தில் வெப்பம் சுமார் 2.4 மைக்ரான் பரவும், அதாவது ஆறு எலிமென்ட் தூரம். டைட்டானியம் உலோகக்கலவையான 6 அலுமினியம்–4 வனேடியத்தில் 0.4 மைக்ரான்தான். கடத்தலை அணைப்பது அதற்கு ஓரளவு பொருந்தும், தாமிரத்துக்குப் பொருந்தாது.

அடிப்பொருளின் உயரத்தையும் கவனியுங்கள். தாமிரத்தில் தகைவு அலை வினாடிக்கு ஏறத்தாழ 4.7 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 100 மைக்ரான் உயரம் வைத்தால் அலை அடியில் பட்டு 43 நானோ வினாடியில் திரும்பிவரும், சரியாகத் துகள் மீளும் நேரத்தில். உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது அடியிலும் பக்கத்திலும் அலையைத் திருப்பாமல் வெளியே விடும் எல்லையற்ற எலிமென்ட் வையுங்கள்.

வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் ஃப்ளூயன்ட் மென்பொருளில், கொடுக்கும் அழுத்தத்தோடு தானாகக் கூட்டப்படும் 'இயக்க அழுத்தம்' இயல்பாக 1,01,325 பாஸ்கல் என்று இருக்கும். அதைச் சுழியாக்காமல் உள்நுழைவில் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் ஒரு வளிமண்டலம் இரட்டிப்பாகச் சேரும். இதைவிடப் பெரிய தவறு, வாயுவின் வெப்பத்தையும் வேகத்தையும் அப்படியே துகளுக்குக் கொடுப்பது. 800 டிகிரி நைட்ரஜன் மாக் 3-க்கு, அதாவது ஒலியின் வேகத்தைப் போல மூன்று மடங்குக்கு, விரியும்போது 110 டிகிரிக்குக் குளிர்ந்து, வினாடிக்கு 1200 மீட்டரை எட்டும். துகள் அதைவிட வெகுவாகப் பின்தங்கும். எவ்வளவு என்பதைப் பருமனும் அடர்த்தியும் வடிவமும் தீர்மானிக்கும். மிகச் சிறிய துகள்கள் அடிப்பொருளுக்கு முன்னுள்ள அதிர்ச்சி அலையில் மறுபடி வேகம் இழக்கும். ஆகவே ஒரே சராசரி விட்டம் போதாது, அளந்த பருமன் பரவலைக் கொடுங்கள்.

சரிபார்ப்பை முழுப் பூச்சில் தொடங்க வேண்டாம். பளபளப்பாக மெருகிட்ட தகட்டின் மேல் நாசிலை வேகமாக ஓட்டி, தனித்தனியாகப் பதிந்த துகள்களை வெட்டு முகத்தில் பாருங்கள். தட்டையான விகிதமும் பள்ளத்தின் ஆழமும் மாதிரியோடு பொருந்தாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது மோதல் வேகமும் பொருள் மாறிலிகளும். உராய்வுக் கெழுவை ஏற்றி இறக்கிப் பொருத்திவைப்பது கடைசியில்கூட வேண்டாம்.